மலைப்பாம்புக்கு ஓர் இலக்கணம்

"இராமன் வந்தாள்" என்று ஒரு சிறுவன் சிலேட்டில் எழுதிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வாத்தியார் என்ன செய்வார்? இராமன் என்பவன் யார், எந்த ஊர்க்காரன், உண்மையில் வந்து சேர்ந்தானா, வழியில் எங்கேனும் தங்கிவிட்டானா என்றெல்லாம் அவர் விசாரணை நடத்த மாட்டார். பையனுடைய காதைப் பிடித்து, "வந்தான் என்று எழுதடா!" என்பார். அவ்வளவுதான். இராமன் வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, அந்த வாக்கியம் பிழையான வாக்கியம். இலக்கணக்காரர்கள் இதற்குப் பால் வழு என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுக்கள் ஏழு உண்டென்று நன்னூல் கணக்கிட்டு வைத்திருக்கிறது.

இதில் அடங்கியிருக்கும் சூட்சுமத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். வெளி உலகத்தை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல், வாக்கியத்தை மட்டுமே வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் சில உண்டு. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் யந்திரத்துக்குக் கட்டளை எழுதும் பாஷைகளிலும் இப்படி ஒரு வாத்தியார் வேண்டுமா, வேண்டாமா என்று வெகு காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அந்த வழக்கில் ஒரு விசித்திரமான ராஜி ஏற்பட்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கதையின் நடுவே, அடியேனும் ஒரு குட்டிப் பாஷை கட்டப் புகுந்து புலியிடம் அகப்பட்டுக்கொண்ட விருத்தாந்தமும் வரும்.

வழக்கின் வாதி, பிரதிவாதிகளை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒரு கட்சி, "ஒவ்வொரு பொருளும் இன்ன வகை என்று முன்கூட்டியே தீர்மானமாகிவிட வேண்டும். எண் என்றால் எண், எழுத்து என்றால் எழுத்து. புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னாலேயே வகைப் பிழைகளையெல்லாம் பிடித்துவிட வேண்டும்" என்கிறது. பாஸ்கல், ஜாவா முதலிய பாஷைகள் இந்தக் கட்சி. மற்றக் கட்சியோ, "அப்பா! அவசரமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் நாற்பது பிரகடனமா? ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறது. ரூபி, பைதான் முதலியவை இந்தக் கட்சி.

இரண்டாவது கட்சியோடு சிநேகம் வைப்பதில் உள்ள அபாயத்தை ஒரு சிற்றுண்டிச்சாலை பில்லைக் கொண்டு விளக்குகிறேன். இட்லி ஒன்றின் விலை 10 ரூபாய். நாம் சாப்பிட்டது மூன்று. கல்லாவில் இருப்பவர் விலையைத் தட்டச்சுப் பலகையில் அடிக்கிறார். பைதான் பாஷையில், பலகையிலிருந்து வருவதெல்லாம் எழுத்தாகவே வந்து சேரும். அதை எண்ணாக மாற்றிக்கொள்வது புரோகிராம் எழுதுகிறவருடைய பொறுப்பு. அவர் மறந்துவிட்டார். இப்போது "10" என்ற எழுத்துக் கோவையை மூன்றால் பெருக்கு என்று கட்டளை போகிறது. யந்திரம் கோபித்துக்கொள்ளக் கூடாதா? கோபித்துக்கொள்வதில்லை. எழுத்துக் கோவையை மூன்றால் பெருக்குவதென்றால் அதை மூன்று தடவை அடுத்தடுத்து எழுதுவது என்று பைதானில் ஒரு விதி இருக்கிறது. ஆகவே மிகவும் மரியாதையாக 101010 என்று விடை வருகிறது. மூன்று இட்லிக்கு ஒரு லட்சத்து ஓராயிரத்துப் பத்து ரூபாய்!

இவ்வளவு பெரிய தொகை வந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். கவனிக்க முடியாத சிறிய தவறாக இருந்தால்தான் ஆபத்து.

இப்படிப்பட்ட பாஷையை யார் விரும்புவார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். உலகமே விரும்புகிறது என்பதுதான் பதில். ஆம்ஸ்டர்டாமில் உள்ள தேசிய கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கீடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர், 1989-ம் வருஷம் டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போவதற்காக இதை ஆரம்பித்தார். 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். பைதான் என்றால் மலைப்பாம்பு என்று அகராதி சொன்னாலும், அவர் மனத்தில் இருந்தது பாம்பு அல்ல, பி.பி.ஸி. டெலிவிஷனில் கூத்தடித்த "மாண்டி பைதான்" என்ற ஹாஸ்ய கோஷ்டி. பின்னால் வந்தவர்கள் பாம்பையே படமாகப் போட்டுவிட்டார்கள். நானும் மலைப்பாம்பு என்றே சொல்லி வருகிறேன். ஹாஸ்ய கோஷ்டியார் மன்னிப்பார்களாக.

பைதானின் அழகு அதன் வரிகளிலேயே இருக்கிறது. மற்றப் பல பாஷைகளில் எங்கே பார்த்தாலும் நெளிந்த அடைப்புக்குறிகளாகவே இருக்கும். பைதானில் உட்பிரிவை உள்தள்ளி எழுதினால் போதும். எந்த வரி எதற்குக் கீழ்ப்பட்டது என்று யந்திரம் தானே தெரிந்துகொள்ளும். இந்த யோசனைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1966-ம் வருஷத்தில் பீட்டர் லாண்டின் என்ற ஆங்கிலேயர் இதைச் சொல்லி, கால்பந்தாட்டத்திலிருந்து "ஆஃப்-ஸைட் விதி" என்று பெயரும் வைத்தார். பைதானுக்கு முன்னோடியாக அதே ஆம்ஸ்டர்டாம் நிலையத்தில் பிறந்த ஏ.பி.ஸி. என்ற பாஷையும் உள்தள்ளலைக் கையாண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஏ.பி.ஸி. பாஷையில் வகைச் சோதனை உண்டு. அதுவும் பிரகடனம் எதுவும் கேட்காமலே! பாட்டியிடம் இருந்த நகையைப் பேத்தி வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

நூறு வரி புரோகிராமுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. எழுதியவரே ஓட்டுகிறார், பிழை வந்தால் அவரே திருத்துகிறார். ஆனால் நூறு வரி ஆயிரமாகி, ஆயிரம் லட்சமாகி, எழுதியவர் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்ட பிறகு என்ன ஆகிறது? புதிதாக வந்தவர் ஒரு காரியப் பகுதியைப் படிக்கிறார். "இதற்குள் 'கணக்கு' என்று ஒன்று வருகிறதே, இது எண்ணா, பட்டியலா, பெயரா?" என்று திகைக்கிறார். அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. மாற்றி எழுதப் பயம்; மாற்றாமல் விடவும் வழியில்லை. மாற்றியபின் என்றைக்கோ ஒரு நாள் நடுராத்திரியில், எங்கோ ஒரு மூலையில் இருக்கும் வரி ஓடும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

இந்த இடத்தில்தான் யூக்கா லெஹ்தொசாலோ நம் கதைக்குள் வருகிறார். கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். சின்னஞ்சிறு புரோகிராமுக்கும், பல லட்சம் வரியுள்ள பெரும் புரோகிராமுக்கும் ஒரே பாஷை உதவக் கூடாதா என்பது அவருடைய கேள்வி. முதலில் வகையே குறிப்பிடாமல் சுதந்திரமாக எழுதுவது. புரோகிராம் வளர வளரக் கொஞ்சங் கொஞ்சமாக வகைகளைச் சேர்த்துக் கட்டுக்கோப்புக்குக் கொண்டுவருவது. இந்த நோக்கத்துக்காக, தாமே படைத்த "அலோர்" என்ற பாஷையில் முதலில் வேலை செய்தார். அலோரைப் பயன்படுத்துகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பிறகு 2012-ம் வருஷ வாக்கில், ஜனங்கள் ஏற்கெனவே அறிந்த பைதானைப் போலவே முகஜாடை கொண்டதாய், ஆனால் வகைகள் உடையதாய் ஒரு பாஷையைக் கட்டலானார். அதற்கு "மைபை" என்று பெயர்.

பாஷை கட்டுவது என்றால் என்ன? எனக்கும் அந்த ஆசை ஒரு மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டது. மலைப்பாம்பு நமக்கு எதற்கு என்று, என் பாஷைக்குச் "சாரை" என்று பெயரிட்டேன். அது உலகத்தில் எவருக்கும் உபயோகப்படவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்தச் சாரைதான் கற்றுக்கொடுத்தது.

முதல் வேலை சொல் பிரிப்பது. எழுதிய வரியைச் சீர் பிரிப்பதுபோல், இது பெயர், இது எண், இது கூட்டல் குறி என்று துண்டு துண்டாக்க வேண்டும். இதில் உள்தள்ளல்தான் கொஞ்சம் வம்பு. சமையலறையில் பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அப்படி ஓர் அடுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடியில் இருப்பது பூஜ்யம். ஒரு வரி நாலு இடம் தள்ளி ஆரம்பித்தால், நாலு என்று எழுதி அடுக்கின்மேல் வைத்து, "உள்ளே நுழை" என்று ஒரு குறியை அனுப்ப வேண்டும். பிறகு எட்டு இடம் தள்ளி ஒரு வரி வந்தால் எட்டையும் மேலே வைப்பது; இன்னொரு "உள்ளே நுழை." அடுத்த வரி திடீரென்று ஓரத்துக்கே வந்துவிட்டால், எட்டை எடு, நாலை எடு, இரண்டு தடவை "வெளியே வா." வந்த வரி ஆறு இடம் தள்ளி நின்றால்? அடுக்கில் ஆறு என்று ஒன்று இல்லவே இல்லை, ஆகவே பிழை. இவ்வளவுதான் ரகசியம். அடைப்புக்குறிக்குள் வரி முறிந்தால் இந்தச் சட்டம் செல்லாது என்று ஒரு விலக்கு மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு நாள் போனது இந்த விலக்கை மறந்ததனால்தான்.

அடுத்தது இலக்கணப்படி மரம் கட்டுவது. இரண்டோடு மூன்றைக் கூட்டி நாலால் பெருக்கு என்பதா, மூன்றையும் நாலையும் பெருக்கி இரண்டைக் கூட்டு என்பதா என்று கிளை பிரித்து வைக்க வேண்டும். இது பழைய சமாசாரம். பாடப் புத்தகங்களில் விஸ்தாரமாக இருக்கிறது.

மூன்றாவதாக வருபவர்தான் நம்முடைய தமிழ் வாத்தியார். அவர் மரத்தின் நுனியிலிருந்து ஆரம்பித்து அடிவரை நடக்கிறார். 10 என்று கண்டால் "இது எண்." மேற்கோள் குறிக்குள் இருந்தால் "இது எழுத்து." எண்ணோடு எண்ணைக் கூட்டினால் எண். எண்ணோடு எழுத்தைக் கூட்டினால், பிடி காதை! ஒரு பெயருக்கு முதலில் எண்ணைக் கொடுத்தால், அந்தப் பெயர் எண் வகை என்று தாமே குறித்துக்கொள்கிறார். நாம் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. காரியப் பகுதிகளின் வாசலில் மட்டும், உள்ளே போவது இன்ன வகை, வெளியே வருவது இன்ன வகை என்று ஒரு பலகை மாட்டிவிட வேண்டும். நம்முடைய இட்லி பில் வாசலில், "எண்ணும் எண்ணும் உள்ளே, எண் வெளியே" என்று பலகை இருந்திருந்தால், எழுத்தைக் கொண்டுபோனவரை வாத்தியார் வாசலிலேயே நிறுத்தியிருப்பார், கடை திறப்பதற்கு முன்னாலேயே!

கடைசி வேலை, யந்திரத்துக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பது. நான் சோம்பேறியாகையால், வகைக் குறிப்புகளையெல்லாம் துடைத்துவிட்டு மிச்சத்தைப் பைதானாகவே எழுதிவிடும்படி செய்தேன். ஓட்டுகிற சிரமம் பைதானுடையது.

எல்லாம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாட்டுத் தொழுவத்தின் பால் கணக்கை என் சாரையில் எழுதினேன். வாத்தியார் பூராவும் படித்துவிட்டுப் பிழை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். ஓட்டினேன். நடுவிலே படுத்துவிட்டது. பார்த்தால், பசுக்களின் பட்டியலில் ஒரு புலி நின்றுகொண்டிருந்தது!

எப்படி வந்தது புலி? இந்தப் புதிர் மிகவும் ரஸமானது, நிதானமாகக் கேளுங்கள். பசு ஒரு மிருகம். மிருகத்தை எதிர்பார்க்கும் இடத்தில் பசுவைக் கொண்டுபோய் நிறுத்தலாம்; அதில் ஆட்சேபமில்லை. அப்படியானால், மிருகங்களின் பட்டியலை எதிர்பார்க்கும் இடத்தில் பசுக்களின் பட்டியலைக் கொடுக்கலாமா? "கொடுக்கலாம், அதில் என்ன சந்தேகம்?" என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அப்படியே விதி எழுதிவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் இருந்த காரியப் பகுதி செய்யும் வேலை என்ன தெரியுமா? மிருகப் பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டு, அதில் ஒரு புலியைச் சேர்ப்பது. மிருகப் பட்டியலில் புலியைச் சேர்ப்பது நியாயந்தானே! அது தன் கடமையைச் செய்துவிட்டுப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தது. நான் அதைப் பசுப் பட்டியல் என்று நம்பி, செம்பை எடுத்துக்கொண்டு கறக்கப் போனேன்.

ஆகவே விதி இதுதான்: படிக்க மட்டும் கொடுப்பதானால் பசுப் பட்டியலை மிருகப் பட்டியலாகக் கொடுக்கலாம். எழுதவும் சேர்க்கவும் அதிகாரத்தோடு கொடுப்பதானால் கூடாது. லெஹ்தொசாலோவின் மைபை இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பார்க்கிறது. புதிதாக வருகிறவர்கள் அநேகம் பேர் இந்த இடத்தில்தான் அதனோடு சண்டை பிடிக்கிறார்கள். "பசு மிருகம் இல்லையா? என்ன அநியாயம்!" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜாவா என்ற பெரிய பாஷையே தன்னுடைய வரிசைகள் விஷயத்தில் பசுக் கூட்டத்தை மிருகக் கூட்டமாகக் கொடுக்க அனுமதித்துவிட்டு, புலி நுழையும் சமயத்தில், அதாவது ஓடும்போது, கதவை அடைத்துச் சமாளிக்கிறது.

என் சாரையில் இருந்த இன்னொரு பொத்தல் "இல்லை" என்ற பொருள். ஒரு பெயரைத் தேடு என்றால், கிடைக்காதபோது "இல்லை" என்று வரும். அதையும் எண் என்று எண்ணிக் கூட்டப் போனால் யந்திரம் விழுந்துவிடும். ஒன்றையும் குறிக்காத குறிப்பு என்ற இந்த ஏற்பாட்டை 1965-ம் வருஷத்தில் ஒரு பாஷையில் புகுத்தியவர் டோனி ஹோர் என்ற பெரிய கணித மேதை. 2009-ம் வருஷத்தில் அவரே அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். நல்ல வாத்தியார் என்ன செய்கிறார்? "எண் அல்லது இல்லை" என்று ஒரு தனி வகையை வைக்கிறார். "இல்லை அல்ல என்றால்" என்று கேட்டுவிட்டு, உள்தள்ளிய வரிகளுக்குள் போன பிறகுதான் அதை வெறும் எண்ணாகப் பாவித்துக் கூட்ட விடுகிறார். பாம்பு என்று தெரிந்த புற்றில் விளக்கோடு போகச் சொல்வது போல.

இவ்வளவு இருந்தும் வாத்தியாரால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. "இராமன் கருங்கல்லைத் தின்றான்" என்று எழுதினால் பால் வழு இல்லை, வாத்தியார் விட்டுவிடுவார். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கர்கள் அனுப்பிய விண்கலம் ஒன்று நாசமாயிற்று. உந்துவிசைக் கணக்கைப் பூமியிலிருந்த ஒரு புரோகிராம் பவுண்டு அளவையில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட இடத்தில் அதை நியூட்டன் அளவை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் எண்தானே? வெறும் எண் என்ற வகையோடு திருப்தியடையும் வாத்தியார் அங்கே இருந்திருந்தாலும் தலையசைத்திருப்பார். பவுண்டு வேறு வகை, நியூட்டன் வேறு வகை என்று பலகை மாட்டியிருந்தால் மட்டுமே பிடித்திருப்பார். வாத்தியாருக்குக் கண் எவ்வளவு தெரியும் என்பது நாம் மாட்டும் பலகையைப் பொறுத்தது.

நிற்க. லெஹ்தொசாலோவை நடுவழியில் விட்டுவிட்டு வந்தோம். அவருடைய பாஷையில் இன்னொரு முக்கியமான அம்சம், "எதுவும்" என்ற வகை. பலகை மாட்டாத இடங்களையெல்லாம் வாத்தியார் "எதுவும்" என்று வைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார். பலகை மாட்டின இடங்களில் கண்டிப்பு. இந்தப் படிப்படியான முறைக்கு ஜெரமி சீக், வாலித் தாஹா என்ற இருவர் 2006-ல் சாஸ்திர ரீதியாக வழி வகுத்துக் கொடுத்திருந்தார்கள். பழைய புரோகிராமை ஒரே நாளில் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஓர் அறையாகப் பழுதுபார்க்கலாம்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. முகஜாடை பைதானைப் போல இருந்தாலும், வகைகளை எழுதுவதற்கு அவர் தாமாக ஒரு முறை வகுத்திருந்தார். அப்படி எழுதிய புரோகிராமைப் பைதான் யந்திரத்திடம் நேரே கொடுத்தால் அது ஏற்றுக்கொள்ளாது. ஆகையால் மைபை ஒரு தனிப் பாஷை. பைதானுடைய தங்கை, பைதான் அல்ல.

2013-ம் வருஷம் மார்ச் மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள ஸாண்டா கிளாராவில் பைதான் மகாநாடு கூடியது. லெஹ்தொசாலோ தம்முடைய பாஷையைப் பற்றி அங்கே பேசினார். பிறகு கீடோ வான் ராஸத்துடன் கலந்து பேச நேர்ந்தது. வான் ராஸம் சொன்னதன் சாரம் இதுதான்: உம்முடைய சொந்த எழுத்து முறையை விட்டுவிடும்; பைதானின் மூன்றாம் பதிப்பில் காரியப் பகுதிகளின் வாசலில் குறிப்பு எழுத ஏற்கெனவே இடம் இருக்கிறது; அந்த இடத்திலேயே உம்முடைய வகைகளை எழுதும்.

அது உண்மை. 2008 டிசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பில், வாசலில் பலகை மாட்டுவதற்கு ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார்கள். பலகையில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேலாக ஆணி காத்துக்கொண்டிருந்தது.

இந்த யோசனையைக் கேட்ட லெஹ்தொசாலோவின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதை, ஒரு சாரையாவது வளர்த்துப் பார்த்தவர்களால் ஊகிக்க முடியும். சொந்தப் பாஷை என்பது சொந்த வீடு. ஜன்னல் எங்கே, வாசல் எங்கே என்பது நம் இஷ்டம். அவர் அலோரை ஒரு தடவை விட்டுக்கொடுத்தவர். இப்போது மைபையின் எழுத்து முறையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். மற்றொருவர் வீட்டில் வாத்தியாராகக் குடியிருக்க வேண்டும். அந்த வீட்டு ஜன்னல் கோணலாக இருந்தால் அந்தக் கோணலுக்குத் தக்கபடி தம் இலக்கணத்தை வளைக்க வேண்டும். உதாரணமாக, வாசல் பலகைக்கு ஆணி இருந்ததே தவிர, உள்ளே தனிப் பெயர்களுக்கு வகை எழுத அப்போது இடம் இல்லை. விமரிசனக் குறிப்பைப் போல வரியின் கடைசியில் ஒதுங்கி எழுத வேண்டியிருந்தது. அதற்கென்று இடம் கிடைத்தது 2016 டிசம்பரில் வந்த 3.6-ம் பதிப்பில்தான்.

லெஹ்தொசாலோ சம்மதித்தார். மைபை பாஷை மறைந்து, மைபை என்னும் வாத்தியார் மட்டும் மிஞ்சினார். எனக்கு இந்த முடிவு சரியென்றே தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பாஷையின் பழைய மாதிரியை நினைக்கும்போது கொஞ்சம் வருத்தம் வராமலில்லை.

எல்லோரும் இப்படி விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் ரும்ப் என்பவர் 2005-லேயே இதே மாதிரி ஒரு பாஷையைத் தொடங்கினார். உள்தள்ளல் உண்டு, பார்க்கப் பைதானைப் போலவே இருக்கும், வகைகளோ முழுக் கண்டிப்பு. முதலில் பாஸ்கலில் எழுதிய மொழிபெயர்ப்பானைப் பின்னால் அந்தப் பாஷையிலேயே திருப்பி எழுதி, தன்னைத் தானே மொழிபெயர்க்கும்படி செய்தார். நிம்ராட் என்றிருந்த பெயரை 2014-ல் நிம் என்று சுருக்கினார். அதன் 1.0 பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தது. ஆரம்பித்துப் பதினாலு வருஷம்! நிம் பாஷை ஸி என்னும் பாஷையாக மாறி, பைதானைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. வீடு அவருடையது, ஜன்னல் கோணல் இல்லை. ஆனால் பைதான் தெருவில் உள்ள கூட்டத்தில் மிகச் சிறு பகுதிதான் நிம் தெருவுக்கு வந்திருக்கிறது. பைதானில் லட்சக் கணக்கான பேர் எழுதிக் குவித்த புரோகிராம்களை விட்டுவிட்டு யார் எளிதில் குடிபெயர்வார்கள்?

லெஹ்தொசாலோவுக்கோ அந்தக் கூட்டம் அப்படியே கிடைத்தது. வான் ராஸம், லெஹ்தொசாலோ, லூகாஷ் லாங்கா ஆகிய மூவரும் சேர்ந்து 2014-ல் எழுதிய 484-ம் நம்பர் யோசனைப் பத்திரம் அங்கீகாரம் பெற்று, 2015 செப்டம்பரில் வந்த 3.5-ம் பதிப்பில் இடம் பெற்றது. வகைகளை எழுதுவதைக் கட்டாயமாக்கும் உத்தேசம் எந்நாளும் கிடையாது என்று அதிலேயே உறுதி கூறிவிட்டார்கள். வான் ராஸம் அப்போது டிராப்பாக்ஸ் கம்பெனியில் இருந்தார். லெஹ்தொசாலோவும் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் பிரம்மாண்டமான பைதான் புரோகிராம்தான் பரீட்சைக் களம். எழுதியவர் போய்விட்ட புரோகிராம் என்று முன்னே சொன்னேனே, அந்தச் சங்கடமெல்லாம் அங்கே பெரிய அளவில் இருந்தது. ஓர் அறையாக, ஒரு வாசலாகப் பலகை மாட்டிக்கொண்டே போனார்கள். 2019-ம் வருஷத்தில் வாத்தியார் சரிபார்த்த வரிகள் நாற்பது லட்சத்தைத் தாண்டிவிட்டன. இதற்குள் மைக்ரோஸாப்ட், கூகிள், பேஸ்புக் முதலிய கம்பெனிகளும் தங்கள் தங்கள் வாத்தியார்களை நியமித்துக்கொண்டுவிட்டன.

நாற்பது லட்சம் வரியைப் படிக்க வேண்டுமென்றால் வாத்தியாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும்? மைபையும் பைதானிலேயே எழுதப்பட்டிருந்தது. பைதானோ நிதானமாக ஓடும் பிராணி. அப்போது ஒரு யுக்தி செய்தார்கள். மைபையின் சொந்த வரிகளில் பலகைகள் முழுவதும் மாட்டியாகிவிட்டன. எது எண், எது எழுத்து என்பது முன்கூட்டியே நிச்சயம். அப்படியிருக்க, ஓடும்போது ஒவ்வொரு பொருளையும் "நீ யார்?" என்று விசாரிப்பானேன்? அந்த வகைகளையே ஆதாரமாகக் கொண்டு, பைதானை ஸி பாஷையாக மாற்றும் "மைபைஸி" என்ற மொழிபெயர்ப்பானைக் கட்டினார்கள். அதற்கு முதன்முதலாக இட்ட ஆகாரம் மைபையேதான். வாத்தியார் ஏறத்தாழ நாலு மடங்கு வேகமாகப் படிக்கலானார். வகையுள்ள, வேகமுள்ள, பைதானைப் போன்ற பாஷை ஒன்று கொல்லைப்புறமாக வந்து சேர்ந்துவிட்டது!

என் சாரையின் கதியையும் சொல்லிவிடுகிறேன். புலி புகுந்த பொத்தலை அடைத்தேன். "இல்லை" பொத்தலில் பாதியை அடைத்தேன். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. பால் கணக்கைப் பைதானிலேயே திருப்பி எழுதி, வாசலில் பலகை மாட்டி, மைபையிடம் கொடுத்தேன். மூன்று பிழை காட்டிற்று. மூன்றும் பிழைதான்.

ஆனால் வாத்தியாரிடம் காட்டாமல் நேரே யந்திரத்திடம் கொடுத்தால்? பைதான் யந்திரம் பலகைகளை மதிப்பதில்லை. உள்ளே வருவதை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வாசலில் "எண்" என்று கொட்டை எழுத்தில் மாட்டிவிட்டு, "10" என்ற எழுத்துக் கோவையை உள்ளே அனுப்பி மூன்று இட்லிக்கு விலை கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் ஒரு லட்சத்து ஓராயிரத்துப் பத்து ரூபாய்தான்.